கார் கழுவியபின் நீர் உலர்த்த எந்தப் புளோவர்: கல்லடி வீட்டு முற்றத்தில் செய்த சோதனைகள்

கழுவித் துணியால் துடைத்த காரை வீதியில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால், பக்கக் கண்ணாடிகளின் அடியிலும் கதவுக் கைப்பிடிகளின் கீழும் பின்பக்க இலக்கத் தகட்டைச் சுற்றியும் நீர் வடிந்த கோடுகள் தெரியும். துணி எட்டாத இடங்களில் தங்கியிருந்த நீர், ஓட்டத்தின் அதிர்விலும் எதிர்க்காற்றிலும் வெளியே வந்து, வீதித் தூசியைப் பிடித்துக்கொண்டு காய்கிறது. இது கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. எஞ்சியது தகடுகளின் பொருத்துகளுக்குள்ளும் றப்பர் பட்டிகளுக்கு அடியிலும் நெடுநேரம் கிடக்கும். காற்று ஊதும் கருவியான புளோவர் ஒன்றை வாங்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தது அந்த எஞ்சிய நீருக்காகத்தான். தட்டையான பரப்பை ஒரு நல்ல மைக்ரோஃபைபர் துணி சத்தமில்லாமல், மின்சாரம் இல்லாமல், ஓரிரு நிமிடங்களில் துடைத்துவிடும். எனவே இடுக்கில் உள்ள நீரை வெளியேற்றுவதே புளோவரின் முதல் வேலை என்று வைத்துக்கொண்டுதான் தெரிவைத் தொடங்கினேன்.

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கின்றன. கடற்காற்றில் வரும் உப்பு காரின் மேல் மெல்லிய படையாகப் படிகிறது. கழுவும் நீரில் அது கரைந்து, அந்த நீர் போகும் இடுக்குகளுக்கெல்லாம் தானும் போகிறது. நீர் முழுவதும் வெளியேறாவிட்டால், உப்புக் கரைசல் தகட்டின் மடிப்புகளில் தங்கித் துருவுக்கு வழி செய்கிறது. எங்கள் சுசுகி வேகன் ஆரின் பின்கதவின் கீழ் மடிப்பில் சிறு பழுப்புப் புள்ளிகளைக் கண்டபோதே இதைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கின்ற காரைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர எங்களில் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைய விலையிலும் அந்த நிலை பெரிதாக மாறிவிடவில்லை.

இரண்டாவது காரணம் கிணற்று நீர். மட்டக்களப்பின் கரையோர மணற்றரையில் நிலத்தடி நீர் ஆழமில்லாமல் கிடைத்தாலும், அதில் கரைந்துள்ள உப்புகளின் அளவு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. நீரில் கரைந்த திண்மங்களை அளக்கும் சிறிய மீற்றர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்ததில், எங்கள் கிணற்று நீர் குழாய் நீரைவிடப் பல மடங்கு கூடுதலாகக் காட்டியது. குழாயில் வருவது உன்னிச்சைக் குளத்து நீர். வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு நகருக்கு வருகிறது. கிணற்று நீரில் கழுவினாலும் கடைசி அலசலைக் குழாய் நீரில் செய்வது என் வழக்கமாகிவிட்டது. கடின நீர்த் துளி ஒன்று பொனட்டின் மேல் காய்ந்தால், கரைந்திருந்த கல்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையமாகத் தங்கிவிடும். அதன்மேல் வெயில் தொடர்ந்து பட்டால் மேற்பூச்சு அரிக்கப்பட்டு, பிறகு பொலிஷ் போட்டாலொழியப் போகாது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஒரு பக்கத்தைத் துடைத்துவிட்டு மறுபக்கத்துக்கு வருவதற்குள் அங்கே துளிகள் காய்ந்துவிடும். அந்தக் காலத்தில் வெயில் ஏறுமுன் காலையில் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. எந்தப் புளோவரும் அதற்கு ஈடாகாது.

இடுக்கில் நீர் ஏன் நிற்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், எத்தகைய காற்று வேண்டும் என்பது தெரியவரும். நீரின் மேற்பரப்பு இழுவிசை, ஒடுங்கிய இடைவெளிக்குள் நீரைப் பிடித்து வைக்கிறது. அரை மில்லிமீற்றர் இடைவெளியில் அந்தப் பிடிப்பு, அழுத்தத்தின் அலகில் சொன்னால், ஏறத்தாழ 290 பஸ்கால், 0.1 மில்லிமீற்றர் இடைவெளியில் ஏறத்தாழ 1,400 பஸ்கால். எதிராக நாம் கொடுக்கும் காற்றின் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் வரும் காற்று 520 பஸ்கால் அளவில் தள்ளும். அதே காற்று 60 மீற்றர் வேகத்தில் வந்தால் 2,000 பஸ்காலைத் தாண்டிவிடும். வேகம் இரட்டிப்பானால் தள்ளும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. ஆகவே செக்கனுக்கு 60 மீற்றருக்குக் குறைந்த காற்று கண்ணாடியின் மேலுள்ள துளிகளை ஓட்டினாலும், கைப்பிடியின் உட்புறத்தையும் பின்விளக்கின் ஓரத்தையும் முழுமையாக வெறுமையாக்காது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட் எண்ணைவிட, வாயிலிருந்து வெளிவரும் இந்த வேகத்தையே நான் தேடத் தொடங்கினேன்.

தூரமும் அதே அளவு முக்கியம். குழாய் வாயிலிருந்து வெளிவரும் காற்று, வாயின் விட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு தூரம் வரைதான் தன் முழு வேகத்தோடு இருக்கும். அதன்பின் சுற்றியுள்ள காற்றை இழுத்துக்கொண்டு விரிந்து வேகம் இழக்கும். 30 மில்லிமீற்றர் வாயுள்ள புளோவரை ஏறத்தாழ 15 சென்ரிமீற்றருக்குள் பிடித்தால்தான் முழுப் பயன். பெரிய வாயுள்ள தோட்டப் புளோவரை ஒரு முழம் தள்ளி நின்றும் பயன்படுத்தலாம். இந்த வேறுபாடு தெரியாமல், சிறிய கருவியைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துவிட்டு அதற்குப் பலமில்லை என்று சொல்பவர்கள் உண்டு.

எவற்றையெல்லாம் பார்த்தேன் என்பதை இனிச் சொல்கிறேன். முதலில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ரயர் கடையின் கொம்பிரசர். இடுக்குகளுக்கு அதன் காற்று மிகவும் பொருத்தமானது. ஒரு சிறு ஊதுகுழாயால் கைப்பிடியை நொடியில் வெறுமையாக்கிவிடலாம். ஆனால் நம் ஈரப்பதமான காற்றை அழுத்தும்போது தாங்கியில் நீர் சேர்கிறது. அதை ஒழுங்காக வெளியேற்றாவிட்டால் அந்த நீரும், எண்ணெயிடும் வகையென்றால் எண்ணெய்த் துளிகளும் சேர்ந்து பெயின்ற் மேல் விழும். ஊதுகுழாயின் உலோக நுனி தகட்டைத் தட்டினால் கீறல் நிச்சயம். உயர் அழுத்தக் காற்றைத் தோலுக்கு அருகில் பிடிப்பதும் ஆபத்தானது. விளையாட்டுக்குக்கூட ஒருவர் மேல் பிடிக்கக் கூடாது. வீட்டில் தாங்கியோடு கூடிய கொம்பிரசர் வைத்திருப்பவர் நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைப் பூட்டி, அழுத்தத்தைக் குறைத்து, இடுக்குகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம். இதற்கென்றே ஒன்றை வாங்குவது வீண்.

தலைமுடி உலர்த்தும் கருவி சூடாக இருந்தாலும் காற்றின் வேகம் போதாது. பெயின்ற் உரிக்கவும் பிளாஸ்டிக் வளைக்கவும் பயன்படும் ஹீட் கன், தோற்றத்தில் புளோவர் மாதிரியே இருந்தாலும் நூற்றுக்கணக்கான பாகை வெப்பத்தைக் கக்குவது. அதைக் காருக்கு அருகே கொண்டுபோகவே கூடாது. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், கடைகளில் இரண்டும் ஒரே தட்டில் அருகருகே இருப்பதுதான்.

திருக்கோவிலில் இருக்கும் மச்சானிடம் இலை ஊதும் தோட்டப் புளோவர் ஒன்று உண்டு, 2,400 வாட். அவருடைய ஹைஏஸ் வானை அதனால் உலர்த்துவதைப் பார்த்தபோது உண்மையில் ஆசைப்பட்டேன். கூரையின் நீர் முழுவதையும் ஒரே வீச்சில் மறுபக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. அவருடைய முற்றம் முழுவதும் சீமெந்து போட்டது. எங்கள் முற்றம் மணல். அதே கருவியை இங்கே இயக்கினால், ரயரைச் சுற்றியுள்ள மணல் எழும்பி ஈரமான கதவில் ஒட்டும். அதைத் துணியால் தொட்ட கணமே பெயின்ற் முழுவதும் கீறல்தான். சீமெந்து முற்றமும் பெரிய வாகனமும் உள்ளவர் தயங்காமல் தோட்டப் புளோவரை எடுக்கலாம் என்பது என் கருத்து. அம்பாறைப் பக்கத்து வயல் வீடுகளில் முதுகில் சுமக்கும் பெற்றோல் மருந்தடி இயந்திரத்தைக் காற்று ஊதவும் பயன்படுத்துகிறார்கள். பூச்சிநாசினி அடித்த தாங்கியும் குழாயும் கொண்ட அந்த இயந்திரத்தைக் காருக்கும் அதைத் தொடும் பிள்ளைகளுக்கும் அருகில் கொண்டுவருவது சரியல்ல. எவ்வளவு கழுவினாலும் குழாயின் மடிப்புகளில் மருந்து தங்கியிருக்கும்.

கையடக்கமான லித்தியம் பற்றரி விசிறிகள் இப்போது இணையக் கடைகளில் நிறைய வருகின்றன. நிமிடத்துக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சி என்று எழுதியிருக்கும். நண்பர் ஒருவருடையதை வாங்கிச் சோதித்தேன். முதல் நிமிடத்தில் உற்சாகமாகவே ஊதியது. பிறகு பற்றரி சூடேறியதும் வேகம் படிப்படியாகத் தளர்ந்தது. கண்ணாடி ஓரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அது போதும். முழுக் காருக்குப் போதாது. முன்னரே 18 வோல்ட் பற்றரித் துளைக் கருவி வைத்திருப்பவர்கள் அதே பற்றரியில் இயங்கும் புளோவரின் உடலை மட்டும் வாங்கலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும்: 18 வோல்ட், 4 அம்பியர்-மணிப் பற்றரியில் இருப்பது 72 வாட்-மணி. கருவி 350 வாட் இழுத்தால் ஏறத்தாழ 12 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு சிறிய காருக்கு அது மட்டாகப் போதும். இரண்டு பற்றரி இருந்தால் நிம்மதி.

ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருட்களை விற்கும் கடைகளிலும் தேடினேன். மோட்டாரின் தரம் நன்றாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அவை 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நமது 230 வோல்ட்டில் நேரடியாகப் பூட்டினால் மோட்டார் எரிந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோர்மர் வேண்டும். அதுவும் கருவியின் வாட்டைவிட ஒன்றரை மடங்கு தாங்குவதாக இருக்க வேண்டும். அந்தக் கனமான பெட்டியை ஈர முற்றத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

எஞ்சியது, மின்சாரக் கருவிக் கடைகளில் கிடைக்கும் கைப் புளோவர். கணினியும் ஏசியும் சுத்தம் செய்பவர்கள் பயன்படுத்துவது. மக்கிட்டா யூபி1103 என்பது 600 வாட், நிமிடத்துக்கு 4.1 கன மீற்றர் காற்று. பொஷ் ஜிபிஎல் 620 என்பது 620 வாட், 3.5 கன மீற்றர். இரண்டும் நிமிடத்துக்கு 16,000 சுழற்சி வரை போகக்கூடியவை, இரண்டு கிலோவுக்குள் அடங்குபவை. இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, இவற்றின் விவரத் தாளில் கன மீற்றர் கணக்குத் தெளிவாக இருப்பதால்தான். பல மலிவுக் கருவிகளின் பெட்டியில் வாட் மட்டுமே பெரிதாக எழுதப்பட்டிருக்கும். மோட்டார் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதை மட்டும் வைத்து, எவ்வளவு காற்று வெளிவரும் என்று சொல்ல முடியாது.

காத்தான்குடியில் ஒரு கருவிக் கடைக்காரரிடம் இந்த வகையைக் கேட்டபோது, அவர் காரின் அளவைக் கேட்கவில்லை, "தம்பி, கார் நிக்கிற இடம் சீமெந்தா மணலா?" என்றுதான் கேட்டார். "மணல்தான் காக்கா" என்றேன். "அப்ப வேகம் கூட்டிக் குறைக்கிறத எடுங்க. ஒரே வேகத்தில அடிச்சா கீழ கிடக்கிற மணலெல்லாம் கார்லதான் வந்து குந்தும்" என்றார். காற்றின் உச்ச வேகத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்த எனக்கு இது முக்கியமான திருத்தமாக இருந்தது. பிடியில் உள்ள சில்லைத் திருப்பி வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய, 800 வாட் வகுப்புக் கருவி ஒன்றை அங்கேயே எடுத்தேன். கூரைக்கும் இடுக்குகளுக்கும் முழு வேகம், கதவின் கீழ்ப்பாதிக்கும் ரயரின் அருகிலும் பாதி வேகம் என்று மாற்றிக்கொள்ள முடிவது மணல் முற்றத்தில் பெரிய வசதி.

கொண்டுவந்ததும் செய்த முதல் வேலை, உண்மையில் எவ்வளவு காற்று வருகிறது என்று அளந்தது. இதற்குக் காற்று மீற்றர் தேவையில்லை. வீட்டில் கேக் செய்ய மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசின் மேல் ஒரு அகலமான சில்வர் தட்டை வைத்து, அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பத்து சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து புளோவரை நேர்கீழாகப் பிடித்தேன். தட்டு அகலமாக இருந்தால்தான் காற்று நாற்புறமும் திரும்பி ஓடும், கணக்கும் சரிவரும். காற்றின் விசை என்பது அதன் அடர்த்தி, வாயின் பரப்பு, வேகத்தின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கம். எனவே தராசு காட்டும் கிராமை விசையாக மாற்றி, வாயின் பரப்பாலும் காற்றின் அடர்த்தியாலும் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைத்துவிடும். கருவியோடு வந்த 35 மில்லிமீற்றர் வாயில் தராசு ஏறத்தாழ 450 கிராம் காட்டியது. அது செக்கனுக்கு 63 மீற்றர் வேகம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.6 கன மீற்றர் காற்று. நான் எதிர்பார்த்த 60 மீற்றர் எல்லையைக் கருவி தாண்டியதில் திருப்தி.

இடுக்குகளுக்காக வாயை ஒடுக்கினால் வேகம் எவ்வளவு கூடும் என்பதே அடுத்த கேள்வி. நீர்க்குழாயின் விட்டத்தைக் குறைக்கப் பூட்டும் பிவிசி ரெடியூசர்களை வாங்கிவந்து, உள்விட்டம் 25 மில்லிமீற்றராகவும் 20 மில்லிமீற்றராகவும் இரண்டு வாய்கள் செய்தேன். 25 மில்லிமீற்றர் வாயில் தராசு ஏறத்தாழ 310 கிராம் காட்டியது. வேகம் செக்கனுக்கு 73 மீற்றர், காற்றின் அளவோ நிமிடத்துக்கு 2.2 கன மீற்றருக்குச் சற்றுக் குறைவு. 20 மில்லிமீற்றர் வாயில் ஏறத்தாழ 205 கிராம். வேகம் 74 மீற்றர், காற்று 1.4 கன மீற்றர். பரப்பைப் பாதியாக்கினால் வேகம் இரட்டிப்பாகும் என்று பலர் நம்புகிறார்கள். நீர்க்குழாயின் நுனியை விரலால் அடைக்கும் அனுபவத்திலிருந்து வரும் நம்பிக்கை அது. இங்கே பரப்பு ஏறத்தாழப் பாதியானபோது வேகம் கூடியது பத்து மீற்றர்தான், அதற்கு மேல் ஒடுக்கியபோது அதுவும் கூடவில்லை. விசிறி கொடுக்கக்கூடிய அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதை எட்டியபின் வாயை ஒடுக்குவதால் காற்றின் அளவு மட்டும் குறைகிறது. மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே காற்று என்பதால் அது சூடேறவும் தொடங்குகிறது. 20 மில்லிமீற்றர் வாயைப் பூட்டியதும் மோட்டாரின் ஓசை கீச்சென்று உயர்ந்ததே காற்றின் அளவு குறைந்ததற்கு அடையாளம். அதை ஒதுக்கிவிட்டு 25 மில்லிமீற்றர் வாயையே வைத்துக்கொண்டேன்.

அந்த வாயின் நுனியில் பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, நுனிக்கு வெளியே சிறிது நீட்டிக்கொண்டிருக்குமாறு மாட்டினேன். கை தவறி நுனி பெயின்றில் பட்டாலும் றப்பர்தான் படும். பிவிசியின் வெட்டுவாயை முன்னதாகவே மென்மையான மணற்தாளால் தேய்த்துக்கொள்ள வேண்டும். பிசிறு இருந்தால் அது உடைந்து காற்றோடு பறந்து காரில் அடிக்கும்.

அடுத்தது காற்று உள்ளே போகும் பக்கம். கைப் புளோவரின் பக்கவாட்டில் உள்ள துவாரங்கள் முற்றத்து மணலை உறிஞ்சி, மறுமுனையில் செக்கனுக்கு 60 மீற்றர் வேகத்தில் பெயின்றின் மேல் வீசக்கூடியவை. கார்களுக்கென்றே விற்கப்படும் விலை கூடிய உலர்த்திகளில் இதற்காகவே வடிகட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த வடிகட்டி வசதியல்ல, அவசியம். மீன் தொட்டி விற்கும் கடையில் கிடைக்கும் கரடுமுரடான, துளைகள் கண்ணுக்குத் தெரியும் ஸ்பொஞ்ச் தாளில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள துண்டை வெட்டி, துவாரங்களை முழுவதும் மூடி, கேபிள் டையால் இறுக்கினேன். மீண்டும் தராசில் வைத்துப் பார்த்தபோது சில பத்துக் கிராம்தான் குறைந்தது. மெத்தையில் வரும் நெருக்கமான ஸ்பொஞ்சையும் வைத்துப் பார்த்தேன். தராசின் அளவு பெரிதும் இறங்கிவிட்டது. காற்றும் வாயில் வழமையைவிடச் சூடாக வந்தது. அது மோட்டாரைக் கொன்றுவிடும். துளை பெரிய ஸ்பொஞ்ச் மணலைத் தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது. மணல்தான் கீறுவது என்பதால் அது போதுமானது.

இந்தக் கருவியில் தனியாக ஹீற்றர் இல்லை. ஆனாலும் வெளிவரும் காற்று சற்று வெதுவெதுப்பாக இருப்பதை உணரலாம். 800 வாட்டும் இறுதியில் வெப்பமாகவே மாறி அந்தக் காற்றில் சேர்கிறது. நிமிடத்துக்கு 3.6 கன மீற்றர் காற்றுக்கு அது ஏறத்தாழ 11 பாகை உயர்வு. 30 பாகையில் 75 சதவீத ஈரப்பதமுள்ள நம் காலைக் காற்று 41 பாகைக்கு உயர்ந்தால், அதன் ஈரப்பதம் 40 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். வாடைக் காற்றும் மழையுமாக, துணிகூடக் காயாத மார்கழி நாட்களில் றப்பர் பட்டிகளின் கடைசி ஈரத்தை எடுப்பது இந்தச் சூடுதான்.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இது நீரில் நின்று செய்யும் வேலை. 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 2,990 வாட் வரை எடுக்கலாம். பழைய வீடுகளில் இருக்கும் 5 அம்பியர் உருண்டைப் பின் பிளக்கில் 1,150 வாட்டே எல்லை. கைப் புளோவர் இரண்டிலும் இயங்கும். 2,400 வாட் தோட்டப் புளோவரை 5 அம்பியர் பிளக்கில் அடப்டர் போட்டுப் பூட்டுவது வயரை எரிப்பதற்குச் சமம். நீட்டு வயரின் தடிப்பையும் பார்க்க வேண்டும். 0.75 சதுர மில்லிமீற்றர் வயரை 25 மீற்றருக்கு இழுத்து 10 அம்பியர் எடுத்தால், வழியிலேயே ஏறத்தாழ 13 வோல்ட் விழுந்து, 130 வாட் வயரின் சூடாக வீணாகும். சுருளில் சுற்றியபடியே வைத்திருந்தால் அந்தச் சூடு வெளியேற இடமில்லாமல் உறை உருகும். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரை வாங்கி, சுருளை முழுவதும் விரித்துப் பயன்படுத்துவதே சரி. வீட்டின் மெயின் பெட்டியில் 30 மில்லி அம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி உறுதி செய்துகொண்ட பின்னரே ஈர முற்றத்தில் எந்தக் கருவியையும் எடுக்க வேண்டும். கருவியின் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டைக் காப்புக் குறி இருப்பது நல்லது. பிளக்கும் சொக்கெட்டும் சேரும் இடத்தைக் கதிரை ஒன்றின் மேல் தூக்கி வைக்கிறேன். கையை நன்றாகத் துடைத்து, றப்பர்ச் செருப்போடுதான் சுவிட்சைத் தொடுகிறேன்.

உலர்த்தும் வேலை நீர்க்குழாயிலேயே தொடங்குகிறது. கடைசி அலசலின்போது குழாயின் தெளிப்பானைக் கழற்றிவிட்டு, கூரையின் நடுவில் நீரை மெதுவாக ஓடவிட்டால், துளிகளாகச் சிதறாமல் ஒரே படலமாக வழிந்து, தங்கியிருந்த துளிகளையும் இழுத்துக்கொண்டு போகும். மெழுகு போட்ட பெயின்றில் இது கண்கூடாகத் தெரியும். மெழுகு இல்லாத பரப்பில் நீர் தட்டையாகப் பரவி ஒட்டிக்கொள்ளும், புளோவரால் அதைத் தள்ளுவது கடினம். மெழுகிட்ட பரப்பில் நீர் உருண்டு நிற்பதால் பாதி வேகத்திலேயே ஓடிவிடும். புளோவருக்குச் செலவழிக்குமுன் ஒரு டப்பா மெழுகுக்குச் செலவழிப்பது பயன் கூடிய காரியம் என்பதை அழுத்தியே சொல்வேன். காரின் அடியிலும் சுற்றிலும் பழைய தரப்பாள் ஒன்றை விரித்து, அதற்கு வெளியே உள்ள மணலை நன்றாக நனைத்துவிடுகிறேன். நனைந்த மணல் எழும்பாது.

கூரையில் தொடங்கி, காற்றைத் தாழ்ந்த கோணத்தில் பிடித்து, நீரை ஒரே திசையில் ஓரத்துக்குத் தள்ள வேண்டும். நேர்குத்தாகப் பிடித்தால் துளிகள் நாற்புறமும் சிதறி மீண்டும் அங்கேயே விழும். அதன்பின் முன்கண்ணாடியும் வைப்பரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியும். இந்த மூடியின் கீழே எதிர்பாராத அளவு நீர் இருக்கும். பிறகு பொனட்டும் அதன் ஓர இடைவெளிகளும். கதவுக் கண்ணாடியின் மேல் மழை மறைப்பாக இருக்கும் வைசரின் உட்பக்கத்தில் முன்னிருந்து பின்னாக ஊதினால் நீர் கோடாக வெளியே ஓடும். பக்கக் கண்ணாடியை ஒரு முறை மடக்கி, ஒரு முறை விரித்து, இரண்டு நிலையிலும் அடியிலிருந்து ஊத வேண்டும். கைப்பிடியின் உட்புறத்தில் 25 மில்லிமீற்றர் வாயை வைத்து ஊதும்போது, மறுஓரத்திலிருந்து நீர் பீய்ச்சிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்; அது நின்று, வெறும் காற்று மட்டும் வரும் வரை பிடித்திருக்க வேண்டும். பெற்றோல் மூடியைத் திறந்து அந்தக் குழியையும் விடக் கூடாது. கதவு றப்பர்களின் மேல் காற்றை உள்நோக்கிப் பிடித்தால் நீர் ஆசனப் பக்கம் போய்விடும், ஆகவே எப்போதும் வெளிநோக்கியே ஊத வேண்டும். பெயின்ற் உரிந்து விளிம்பு தூக்கியிருக்கும் இடங்களில் வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.

பின்கதவுதான் என் காரில் அதிக நேரம் எடுக்கும் இடம். இலக்கத் தகட்டின் பின்னாலும், அதற்கு மேலுள்ள திறப்புப் பிடியிலும், பின்விளக்குகளின் ஓரத்திலும் ஊதிய பின் கதவை மெதுவாகத் திறந்து, கீழ் மடிப்பில் உள்ள வடிகால் துவாரங்களைப் பார்க்கிறேன். முதன்முறை அந்தத் துவாரத்தில் காற்றைப் பிடித்தபோது, மணலும் பழுப்பு நீரும் கலந்து ஒரு கைப்பிடி அளவு வெளியே வந்தது. துவாரம் மணலால் அடைபட்டு, உப்பு நீர் உள்ளேயே நின்றிருக்கிறது. துருவின் புள்ளிகள் அங்கே தோன்றியதன் காரணம் அப்போதே தெளிவாகியது. கரையோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் புளோவர் வாங்குகிறார்களோ இல்லையோ, அந்தத் துவாரங்களையும் கதவுகளின் கீழ் விளிம்பில் உள்ள துவாரங்களையும் ஒரு மெல்லிய மூங்கில் ஈர்க்கால் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சில்லுகளைக் கடைசிக்கு விட வேண்டும், பாதி வேகத்தில், காரிலிருந்து வெளிநோக்கி. பிரேக் தூசியும் சில்லு வளைவுக்குள் ஒட்டிய மணலும் பறக்கும் இடம் அது. நட்டுகளின் குழிகளில் நிற்கும் நீரையும் எடுத்துவிட்டால் அங்கே துரு வடிவது குறையும். இவ்வளவும் முடிந்தபின் எஞ்சும் மெல்லிய ஈரத்தை ஒரே ஒரு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல், ஒருமுறை தடவி எடுத்தால் போதும். புளோவர் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் செலவாவது 0.2 அலகு மின்சாரம்தான். ஓசை மட்டும் கூடுதல். காதில் பஞ்சு போதாது, நுரைக் காதடைப்பான் வேண்டும். கண்ணுக்கு ஒரு சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடியும், பக்கத்து வீட்டார் உறங்கும் நேரத்தைத் தவிர்ப்பதும் அதே அளவு அவசியம்.

வேலை முடிந்ததும் ஸ்பொஞ்சைக் கழற்றிக் குழாய் நீரில் அலசி நிழலில் காயவிடுகிறேன். ஈரமாகத் திரும்பப் பூட்டினால் அந்த ஈரம் மோட்டாருக்குள் போகும். கருவியை உப்புக் காற்று படும் விறாந்தையில் தொங்கவிடாமல், மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றில் வைப்பதால் அதன் திருகாணிகள் இதுவரை துருப்பிடிக்கவில்லை. இந்த வகை மோட்டார்களில், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் காபன் பிரஷ் தேய்ந்துகொண்டே வரும். வாங்கும்போதே அதே இலக்கமுள்ள ஒரு சோடி பிரஷைச் சேர்த்து வாங்கி அந்த வாளிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். காற்றுத் துவாரத்தின் வழியே பார்க்கும்போது தீப்பொறி வழமையைவிடப் பெரிதாகத் தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அதன்பின் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்தால் பழைய 450 கிராம் திரும்பி வந்ததா என்பதும் தெரிந்துவிடும்.